வேணும்னே பண்ணல: எஃப்ஏஎஸ்டி இருக்கிற பிள்ளைங்களும் நம்ம கிளாஸ்ரூமும்

சென்னையில எந்த ஸ்கூல் ஸ்டாஃப் ரூம்ல கொஞ்ச நேரம் உக்காந்தாலும் இந்த மாதிரிப் பேச்சு காதுல விழுந்துடும். "நேத்து கரெக்டா சொன்னான் மிஸ், இன்னைக்குக் கேட்டா முழிக்கிறான், வேணும்னே பண்றான்." "வாய் மட்டும் நல்லா பேசுது, நோட்டைத் திறந்தா ஒண்ணுமே இல்ல." "எத்தனை தடவை பனிஷ் பண்ணாலும் திரும்ப அதையேதான் பண்றான், பயமே கிடையாது." இந்த மூணும் ஒரே பிள்ளையைப் பத்தி வந்துச்சுன்னா அங்க கொஞ்சம் நின்னு பார்க்கணும். எல்லாப் பிள்ளைக்கும் இது பொருந்தாதுதான், ஆனா சில பிள்ளைங்க விஷயத்துல திமிர்னு நாம நினைக்கிறது உண்மையில பிறக்கிறதுக்கு முன்னாடியே மூளையில ஏற்பட்ட பாதிப்பு. அம்மா கர்ப்பமா இருந்தப்போ உள்ள போன மது குழந்தையோட மூளை வளர்ச்சியைக் கெடுத்ததால வர்ற இந்த நிலைமைக்கு ஃபீட்டல் ஆல்கஹால் ஸ்பெக்ட்ரம் டிஸார்டர்னு பேரு, சுருக்கமா எஃப்ஏஎஸ்டி.

"நம்ம ஊர்ல எந்தப் பொண்ணு குடிக்குது, இதெல்லாம் ஃபாரின் பிரச்சினை"ன்னு உடனே ஒரு பதில் வரும். 2019-21ல எடுத்த ஐந்தாவது தேசிய குடும்ப நல சர்வேயில, 15 வயசுக்கு மேல இருக்கிற ஆம்பளைங்கள்ல சுமார் 19 சதவீதம் பேரும் பொம்பளைங்கள்ல 1.3 சதவீதம் பேரும் குடிக்கிறதா சொல்லியிருக்காங்க. 1.3ங்கிறது பார்க்க சின்ன நம்பர், ஆனா நாட்டோட ஜனத்தொகைக்கு அது பல லட்சம் பெண்கள், அதுவும் வீட்டு வாசல்ல வந்து கேட்கிற ஒரு சர்வேயில, பக்கத்துல மாமியார் நிக்கிறப்போ, ஆமான்னு வாய்விட்டுச் சொன்னவங்க மட்டும்தான் அந்தக் கணக்குல இருக்காங்க. நாள் முழுக்க செங்கல் சுமந்து உடம்பு வலி தாங்காம சாயங்காலம் கொஞ்சம் குடிக்கிறவங்களும் இருக்காங்க, வீக்கெண்ட் பார்ட்டியில ரெண்டு கிளாஸ் ஒயின் எடுத்துக்கிற ஐடி வேலைக்காரங்களும் இருக்காங்க. ரெண்டு பேருக்குமே முதல் அஞ்சாறு வாரம் கர்ப்பம்னே தெரியாம இருக்கலாம். ஆக, இதை ஒரு ஏரியா பிரச்சினைன்னோ ஒரு சாதி, ஒரு தொழில் பிரச்சினைன்னோ யாராவது பேசினா தயவுசெஞ்சு அங்கேயே நிறுத்துங்க.

உள்ள என்ன நடக்குதுன்னா, அம்மா குடிச்ச ஆல்கஹால் நஞ்சுக்கொடி வழியா அப்படியே குழந்தைக்குப் போயிடும். குழந்தையோட கல்லீரலுக்கு அதை உடைக்கிற சக்தி இன்னும் வந்திருக்காது, அதனால பனிக்குட நீர்லயும் கலந்து ரொம்ப நேரம் அங்கேயே சுத்திக்கிட்டு இருக்கும். மூளை ஒன்பது மாசமும் வளர்ற உறுப்புங்கிறதால எந்த மாசமும் பாதுகாப்பான மாசம் கிடையாது, இவ்வளவு குடிச்சா பரவாயில்லன்னு ஒரு அளவும் கிடையாது. ஞாபகத்துக்கான பகுதி, உடம்பு பேலன்ஸுக்கான பகுதி, மூளையோட ரெண்டு பக்கத்தையும் இணைக்கிற பாலம் மாதிரியான நரம்புக் கற்றை, முக்கியமா யோசிச்சு நிதானிச்சு முடிவெடுக்கிற முன்பகுதி, இதெல்லாம் அடி வாங்குது. 1968ல பிரான்ஸ்ல நான்ட் நகரத்துல பால் லெமுவான்னு ஒரு டாக்டர் 127 குழந்தைங்களைப் பார்த்து இதை எழுதினார், அப்போ பெருசா யாரும் கண்டுக்கல. 1973ல அமெரிக்காவுல சியாட்டில்ல கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித்னு ரெண்டு டாக்டருங்க தி லான்செட் ஜர்னல்ல எழுதினதுக்கு அப்புறம்தான் உலகம் திரும்பிப் பார்த்துச்சு. மேலுதடு மெலிசா இருக்கிறது, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவுல இருக்கிற பள்ளம் இல்லாம வழவழன்னு இருக்கிறது, கண் சின்னதா இருக்கிறதுன்னு சில அடையாளங்கள் சொல்லுவாங்க, ஆனா பெரும்பாலான பிள்ளைங்களுக்கு முகத்துல எதுவுமே தெரியாது. பார்க்க மத்த பிள்ளைங்க மாதிரியே இருக்கும், அதுதான் இவங்களுக்கு வர்ற பெரிய கஷ்டமே.

எவ்வளவு பேர் இப்படிக் கண்ணுல படாமப் போறாங்கங்கிறதுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். அமெரிக்காவுல நாலு ஊர்ல ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களை ஸ்கூலுக்கே போய் டெஸ்ட் பண்ணி 2018ல ரிசல்ட் போட்டாங்க, குறைஞ்ச கணக்குப்படியே 1.1 சதவீதத்துலருந்து 5 சதவீதம் வரைக்கும் வந்துச்சு. அந்த ஆய்வுல எஃப்ஏஎஸ்டின்னு கண்டுபிடிச்ச 222 பிள்ளைங்கள்ல அதுக்கு முன்னாடியே டயக்னோஸ் ஆகியிருந்தது வெறும் 2 பேர். உலக அளவுல ஆயிரம் பேர்ல சுமார் 8 பேர்னு 2017ல ஒரு மதிப்பீடு வந்துச்சு, நாட்டுக்கு நாடு இது ரொம்பவே மாறும், தென்னாப்பிரிக்காவுல ஆயிரத்துக்கு 111. இங்க குறைவாத்தான் இருக்கும், சரி. ஆனா குறைவுங்கிறதும் இல்லவே இல்லங்கிறதும் ஒண்ணு கிடையாது. நம்ம கிளாஸ்ல இருக்கிற அந்த ஒரு பிள்ளைக்கு ஏடிஹெச்டின்னோ (கவனக்குறைவும் துறுதுறுப்பும் இருக்கிற நிலைமை) ஸ்லோ லேர்னர்னோ, அதைவிட மோசமா ரௌடின்னோ ஏற்கனவே ஒரு பேர் விழுந்திருக்கும்.

இங்க என் நிலைப்பாட்டைச் சொல்லிடறேன். காரணம் தெரிஞ்சா நல்லது, ஏன்னா காரணம் தெரியாம பண்ற சில வைத்தியம் இந்தப் பிள்ளைங்களை இன்னும் மோசமாக்கும். ஆனா காரணத்தை அம்மா வாயால ஒத்துக்க வச்சாத்தான் உதவி பண்ணுவோம்னு ஸ்கூல் காத்திருக்கக் கூடாது. பிரின்சிபால் ரூம்ல நாலு பேர் சுத்தி உக்காந்து "பிரெக்னன்ட்டா இருந்தப்போ குடிச்சீங்களா"ன்னு கேட்டா எந்தத் தாய் ஆமான்னு சொல்லுவாங்க? சொல்லாம அழுதுட்டு டிசி வாங்கிட்டுத்தான் போவாங்க. கிளாஸ்ல பிள்ளைக்கு எது வரல, எது வருதுன்னு நம்ம கண்ணால பார்க்கலாம், அதை வச்சு நாளைக்குக் காலையிலயே வேலையை ஆரம்பிக்கலாம். கீழ சொல்ற எதுவும் எஃப்ஏஎஸ்டி இல்லாத பிள்ளைக்குக் கெடுதல் பண்ணப் போறதில்ல.

ஒரு நாலாங்கிளாஸை நினைச்சுக்கோங்க, ரெண்டாவது பீரியட், நாப்பது பிள்ளைங்க. மிஸ் உள்ள வந்ததும் ஒரே மூச்சுல, "எல்லாரும் மேத்ஸ் கிளாஸ்ஒர்க் நோட்டை எடுங்க, மார்ஜின் போடுங்க, டேட் எழுதுங்க, போர்டுல இருக்கிற அஞ்சு கணக்கையும் போடுங்க, முடிச்சவங்க கொண்டு வந்து காட்டுங்க, சத்தம் வரக் கூடாது." ஆறு வேலை. நம்ம பையன் நோட்டை எடுக்கக் குனியறான், பைக்குள்ள நேத்து வச்ச ஸ்டிக்கர் கண்ணுல படுது, அதை எடுத்துப் பார்க்கிறதுக்குள்ள மீதி அஞ்சும் மண்டையை விட்டுப் போயிடுச்சு. நிமிர்ந்து பார்த்தா எல்லாரும் எழுதறாங்க, என்ன எழுதறாங்கன்னு பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கிறான், "அங்க என்னடா பார்வை"ன்னு ஒரு அதட்டல் வருது, என்ன பண்றதுன்னு தெரியாம சிரிச்சு வைக்கிறான், அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு அதட்டல். பொண்ணுங்கன்னா பெரும்பாலும் இந்த அளவுக்குக் கூட வராது, புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டு வெறும் பேஜைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க, அமைதியான பிள்ளைன்னு ரிப்போர்ட் கார்டுல நல்லாவே எழுதி அனுப்பிடுவோம்.

இதுக்கு பெரிய ட்ரெயினிங் எதுவும் தேவைப்படாது. கிளாஸுக்குப் பொதுவா சொல்லி முடிச்சதும் அவன் டெஸ்க் பக்கத்துல போய், பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவன் பார்த்ததுக்கு அப்புறம் ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்க, "நோட்டை எடு கண்ணா." எடுத்ததும் அடுத்தது. அஞ்சு கணக்குக்குப் பதிலா ரெண்டு, மீதியை ஒரு பேப்பரால மறைச்சு வச்சாலும் போதும். மிஸ் ஒவ்வொரு தடவையும் வர முடியாதுங்கிறது எனக்கும் தெரியும், அதனாலதான் டெஸ்க் மேல செல்லோடேப் போட்டு ஒட்டின ஒரு சின்ன அட்டை, அதுல நோட்டு, ஸ்கேல், தேதி, கணக்கு, மிஸ் டேபிள்னு அஞ்சு படம், முடிச்சதை விரலால தொட்டுட்டு அடுத்ததுக்குப் போகணும். தினமும் அதே அட்டை, அதே வரிசை. "ஒழுங்கா இரு"ங்கிறது இவனுக்கு ஒரு அர்த்தமும் தராது, "சீட்ல உக்காரு, கையை டெஸ்க் மேல வை"ன்னாத்தான் என்ன பண்ணணும்னு தெரியும். "ஓடாதே"ன்னா ஓடறதுதான் காதுல விழும், "நடந்து போ"ன்னு சொல்லுங்க. "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்"னு சொல்லிட்டு இருபது நிமிஷம் கழிச்சு வந்தா இவனுக்கு அது பொய், ஏன்னா சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கிற பிள்ளை.

ஞாபக விஷயம்தான் டீச்சருங்களை ரொம்ப சோதிக்கும். செவ்வாய்க்கிழமை ஏழாம் வாய்ப்பாடு தடங்கலில்லாம ஒப்பிச்சவன் புதன்கிழமை ஏழு மூணு எவ்வளவுன்னு கேட்டா தெரியலன்னு நிப்பான். ஃபோன்ல நம்பர் சேவ் ஆகியிருக்கும், ஆனா தேடினா சில நேரம் வரும் சில நேரம் வராதுங்கிற நிலைமை, நம்பர் அழிஞ்சு போகல, எடுக்கிற வழிதான் நம்ப முடியாம இருக்கு. அதனால "நேத்து தெரிஞ்சுதே"ங்கிற கேள்வியையே விட்டுடணும். திரும்பச் சொல்லிக் கொடுங்க, முகத்தைச் சுளிக்காம, முதல் தடவை சொல்ற மாதிரியே. கனடாவுல 2008ல வந்த ஒரு ஆய்வுல, சொன்னதை வாய்க்குள்ள திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கணும்னு இந்தப் பிள்ளைங்களுக்குப் பழக்கிவிட்டப்போ நம்பர்களை ஞாபகம் வச்சுக்கிற திறமை கூடினதைப் பார்த்திருக்காங்க. நம்ம ஊர்ல வாய்விட்டு ஒப்பிக்கிற பழக்கம் ஏற்கனவே இருக்கு, அதை இந்தப் பிள்ளைக்கு வேலை சொல்றப்பவும் பயன்படுத்தலாம், "என்ன பண்ணப் போற, சொல்லு பார்ப்போம்"னு கேட்டு அவன் வாயாலயே ஒரு தடவை சொல்ல வச்சு அனுப்புங்க. ஆனா ஒப்பிச்சுட்டான்ங்கிறதுக்காகப் புரிஞ்சுடுச்சுன்னு எடுத்துக்காதீங்க, இவங்களுக்குப் பேச்சு புரிதலை விட நாலு படி முன்னாடி ஓடும், அதுலதான் எல்லாரும் ஏமாந்து போறோம்.

கணக்கு பெரும்பாலானவங்களுக்குக் கஷ்டம், அதுலயும் காசு, நேரம், தூரம் மாதிரி கையால தொட முடியாத விஷயம். 32 ரூபாய் பொருளுக்கு 50 ரூபாய் கொடுத்தா மீதி எவ்வளவுன்னு எட்டாங்கிளாஸ்ல கூட தடுமாறும், கடைக்காரர் என்ன கொடுத்தாலும் வாங்கிட்டு வந்துடும். அட்லாண்டாவுல எமரி யுனிவர்சிட்டியில கிளேர் கோல்ஸ் குழு இந்தப் பிள்ளைங்களுக்குன்னே ஒரு கணக்குப் பயிற்சி உருவாக்கினாங்க, அதோட சாரம் என்னன்னா முதல்ல நிறுத்தி என்ன பண்ணப் போறேன்னு திட்டம் போடறது, அப்புறம் செய்யறது, செஞ்சதைத் திரும்பிப் பார்க்கிறது, எல்லாமே மெதுவா, கையில பொருளை வச்சுக்கிட்டு. நம்ம அரசுப் பள்ளியில எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளையோட நிலைக்கு ஏத்த மாதிரி பாடம் நடத்தறாங்களே, அந்த யோசனை இந்தப் பிள்ளைங்களுக்கு அப்படியே பொருந்தும், வயசைப் பார்க்காம நிலையைப் பார்க்கிறது. என்ன, ஆறாங்கிளாஸ் வந்ததும் அது முடிஞ்சு போயிடுது, இவங்களுக்கு அப்போதான் அது இன்னும் அதிகமா வேணும்.

அடுத்தது பொய். மதியம் ஒரு பொண்ணோட ஷார்ப்னர் காணோம், இவன் பாக்ஸ்ல இருக்கு. "எப்படி வந்துச்சு?" "மாமா வாங்கிக் கொடுத்தாரு." "எந்த மாமா?" "தாம்பரம் மாமா, பைக்ல வந்தாரு, பிரியாணியும் வாங்கித் தந்தாரு." தாம்பரத்துல மாமாவே கிடையாது. திருட்டு, அதுக்கு மேல பொய்னு ரெண்டு குத்தம் அவன் மேல எழுதிடுவோம். ஆனா இந்தப் பிள்ளைங்களுக்கு நடந்தது ஞாபகத்துல ஓட்டையா இருக்கிறப்போ, கேட்கிற பெரியவங்க முகத்தைப் பார்த்து அந்த ஓட்டையை ஏதோ ஒண்ணால நிரப்பிடும், எப்பவோ வேற யாரோ வாங்கிக் கொடுத்த பிரியாணி கூட அதுல வந்து ஒட்டிக்கும், சொல்லி முடிக்கிறப்போ அதுவே உண்மைன்னு நம்பவும் செய்யும். "என்னோடது, அவளோடது"ங்கிற எல்லையும் இவங்களுக்குத் தெளிவா இருக்காது. குறுக்கு விசாரணை பண்ணா கதை நீளுமே தவிர உண்மை வராது. "இது அவளோட ஷார்ப்னர், வா, சேர்ந்து போய்க் கொடுத்துட்டு வரலாம்"னு கூட்டிட்டுப் போய்க் கொடுக்க வச்சு, அவன் பொருள் எல்லாத்துலயும் ஒரே கலர் டேப் ஒட்டிவிட்டு, டேப் இல்லாதது நம்மளோடது இல்லன்னு தினமும் காட்டுங்க. இதே காரணத்தால, பெரிய பசங்க "போய் அதை எடுத்துட்டு வாடா, நீ என் ஃப்ரெண்டுதானே"ன்னு சொன்னா யோசிக்காம எடுத்துட்டு வந்து மாட்டிக்கிறதும் இவங்கதான். நட்புக்கு ஏங்குற பிள்ளைங்க, யாரை நம்பணும்னு தெரியாத பிள்ளைங்க. இன்டர்வெல், டாய்லெட், வேன் வர்ற வரைக்கும் கேட் கிட்ட நிக்கிற நேரம், இங்கெல்லாம் ஒரு பெரியவங்க கண்ணு கட்டாயம் இருக்கணும், வயசு பத்து ஆயிடுச்சு தானா பார்த்துக்குவான்னு விட முடியாது, அவன் பழகுற விதத்துல அஞ்சாறு வயசுதான் இருக்கும். யாராவது தப்பா நடந்துக்கிட்டது தெரிஞ்சா குழந்தைகளுக்கான ஹெல்ப்லைன் 1098க்கு ஃபோன் பண்ணத் தயங்காதீங்க.

பனிஷ்மென்ட் பத்திச் சொல்லாம போக முடியாது. அடிக்கிறதும் மனசு நோகப் பேசறதும் 2009 கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவுப்படி தப்பு, அது எல்லாப் பிள்ளைக்கும். ஆனா அடிக்காத டீச்சர் கூட சாதாரணமா பண்ற மூணு விஷயம் இருக்கு, பிடி பீரியட் கட் பண்றது, கிளாஸ் லீடரை விட்டு பேசுறவங்க பேரை போர்டுல எழுத வைக்கிறது, வெள்ளிக்கிழமை கொடுக்கப் போற ஸ்டாருக்காக திங்கள்கிழமையிலருந்து ஒழுங்கா இருக்கச் சொல்றது. இதைப் பண்ணா அது நடக்கும்ங்கிற தொடர்பை மூளையில முடிச்சுப் போட முடியாததுதான் இவனோட பாதிப்பே, காலையில பண்ணதுக்கு மதியம் பிடி போச்சுன்னா ரெண்டையும் சேர்த்துப் பார்க்க மாட்டான், மிஸ்ஸுக்கு என்னைப் பிடிக்கலங்கிறது மட்டும்தான் பதியும். அதுவும் ஓடி ஆடி உடம்பை அடங்க வைக்கிற ஒரே பீரியடைப் பிடுங்கிட்டு அடுத்த பீரியட் அமைதியா உக்காருன்னா எப்படி உக்காருவான்? பிடியைத் தொடாதீங்க, இன்னும் சொல்லப் போனா நடுவுல ரெண்டு தடவை ஆபீஸுக்கு அட்டெண்டென்ஸ் ரெஜிஸ்டர் கொடுத்துட்டு வரச் சொல்லி அனுப்புங்க, போற வழி பழகிய வழியா இருக்கணும், அவ்வளவுதான். பாராட்டோ திருத்தமோ அந்த நிமிஷத்துலயே, ஒரே வாக்கியத்துல முடிச்சிடுங்க.

எதுவும் மாறாம இருந்தா நல்லா ஓடற வண்டி, ஒண்ணு மாறினா தடம் புரளும். சென்னையில நவம்பர் வந்தா காலையில ஏழு மணிக்கு மழை லீவுன்னு கலெக்டர் அறிவிப்பு வரும், யூனிஃபார்ம் போட்டு ரெடியா நிக்கிற பிள்ளைக்கு அது உலகமே தலைகீழாகிற மாதிரி, அழுது உருண்டு அடம் பிடிக்கும். அப்புறம் சனிக்கிழமை காம்பென்சேஷன் ஒர்க்கிங் டே, அதுக்கு ஒரு தடவை. ஆன்யுவல் டே ரிகர்சல், சப்ஸ்டிட்யூஷன்ல வர்ற வேற மிஸ், ஹாஃப் இயர்லிக்காக ஹால் மாத்தி உக்கார வைக்கிறது எல்லாமே இப்படித்தான். மழையை நிறுத்த முடியாது, ஆனா வீட்டுல ஸ்கூல் நாளுக்கு ஒண்ணு, லீவு நாளுக்கு ஒண்ணுன்னு அன்னைக்கு என்னென்ன நடக்கும்னு காட்டுற ரெண்டு படச் சார்ட் செஞ்சு வச்சுட்டா, அறிவிப்பு வந்ததும் ஸ்கூல் சார்ட்டைக் கழட்டிட்டு லீவு சார்ட்டை மாட்டலாம். ஸ்கூல்ல நாளைக்கு வேற மிஸ் வரப் போறாங்கன்னு முன்கூட்டியே தெரிஞ்சா இன்னைக்குச் சாயங்காலமே அந்த மிஸ்ஸை ஒரு நிமிஷம் கூட்டிட்டு வந்து காட்டிடுங்க. டியூப்லைட் மினுக்குறது, ஃபேன் கடகடன்னு ஓடறது, அசெம்பிளி மைக் சத்தம், இதெல்லாம் நமக்குப் பழகிப் போன விஷயம், சில பிள்ளைங்களுக்கு அது உடம்புல ஊசி குத்தற அளவுக்கு இருக்கும், அதனால சுவர் ஓரமா, ஜன்னல்லருந்தும் கதவுலருந்தும் தள்ளி, முன் பெஞ்சுல உக்கார வைங்க.

பேரண்ட்ஸ் பக்கத்துலருந்து ஒரு விஷயம் சொல்லணும். நாள் முழுக்க ஸ்கூல்ல பல்லைக் கடிச்சுக்கிட்டு சமாளிச்ச பிள்ளை வீட்டு வாசல்ல ஷூவைக் கழட்டும்போதே வெடிக்கும். "ஸ்கூல்ல நல்லாத்தானே இருக்கான், வீட்டுலதான் செல்லம் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க"ன்னு மீட்டிங்ல சொல்லிடறாங்க, அதைக் கேட்டுட்டு அமைதியா எழுந்து போற பாட்டிங்க எத்தனையோ பேர், ஏன்னா இந்தப் பிள்ளைங்கள்ல பலரை வளர்க்கிறது பாட்டியும் பெரியம்மாவும் தத்தெடுத்த அப்பா அம்மாவும்தான். மூணரைக்கு ஸ்கூல் விட்டு நாலு மணிக்கு டியூஷன், ஏழு மணிக்கு ஹோம்ஒர்க்னு ஓட்டாதீங்க. வந்ததும் சாப்பாடு, கொஞ்சம் ஓட்டம், அமைதி. ஹோம்ஒர்க் பத்து நிமிஷத்துக்கு மேல வேண்டாம்னு மிஸ்கிட்ட டைரியில எழுதிக் கேளுங்க, பெரும்பாலான மிஸ் ஒத்துக்குவாங்க.

டெஸ்ட், சர்டிஃபிகேட் விஷயத்துக்கு வருவோம். முதல்ல கண்ணும் காதும் செக் பண்ணுங்க, எஃப்ஏஎஸ்டியில பார்வை, காது, இதயக் கோளாறு கூட சேர்ந்து வர்றது உண்டு. ஆர்பிஎஸ்கேங்கிற அரசு குழந்தைகள் உடல்நலத் திட்டத்துல ஸ்கூலுக்கே டாக்டர் டீம் வரும், அங்கிருந்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு ரெஃபர் பண்ணுவாங்க. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, ஈசிஆர்ல முட்டுக்காட்டுல இருக்கிற பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம், இந்த மூணுல ஒண்ணுலருந்து ஆரம்பிக்கலாம். கனடாவோட 2016 வழிகாட்டுதல்படி மூளையோட 10 செயல்பாட்டுத் துறையில குறைஞ்சது மூணுல கடுமையான குறை இருக்கணும், அதனால ஒரு டாக்டர் பத்து நிமிஷம் பார்த்துச் சொல்ற நோய் இல்ல இது, டாக்டரோட சைக்காலஜிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட்னு நாலு பேர் சேர்ந்து பார்க்கணும். இதைக் குணமாக்குற மருந்து கிடையாது, கவனக்குறைவு, தூக்கம் மாதிரி கூட வர்றதுக்கு மருந்து தேவையான்னு குழந்தை மனநல டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை இருக்கு, எஃப்ஏஎஸ்டிங்கிற பேர் அதுல இல்ல. அதோட பெரும்பாலான பிள்ளைங்களுக்கு ஐக்யூ 70க்கு மேல வந்துடும், அறிவுசார் குறைபாடுன்னு சர்டிஃபிகேட் கிடைக்கிறது கஷ்டமாயிடும், ஆனா அன்றாட வாழ்க்கையைச் சமாளிக்கிற திறன் ஐக்யூ சொல்றதை விட ரொம்பக் கீழ இருக்கும். அதனால ஐக்யூ டெஸ்டோட நிறுத்தாம, வைன்லேண்ட் மாதிரி அன்றாடத் திறன் அளவிடற டெஸ்டும், எட்டு வயசு ஆயிட்டா கற்றல் குறைபாட்டுக்கான நிம்ஹான்ஸ் டெஸ்டும் எடுக்கச் சொல்லிக் கேளுங்க. இருக்கிற வகையில எது நேர்மையா பொருந்துதோ அதுல சர்டிஃபிகேட் வாங்கினா பத்தாவது பப்ளிக்ல கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு மாதிரி சலுகைக்கு அப்ளை பண்ண வழி பிறக்கும். அரசுப் பள்ளியா இருந்தா வட்டார வள மையத்துல சிறப்புப் பயிற்றுநர் இருப்பாங்க, ஹெச்எம் மூலமா கேட்கணும். சிபிஎஸ்இ ஸ்கூல்ல ஸ்பெஷல் எஜுகேட்டர் இருக்கணும்னு போர்டே சொல்லியிருக்கு. பிள்ளை கூடவே கிளாஸ்ல உக்காந்து உதவுற ஷேடோ டீச்சரை நீங்களே சம்பளம் கொடுத்துக் கொண்டு வாங்கன்னு சொல்ற ஸ்கூல்களைப் பத்தி எனக்குக் கோபம் நிறைய இருக்கு, மாசம் அவ்வளவு பணம் கட்ட முடிஞ்சவங்க பிள்ளைக்கு மட்டும் படிப்புன்னு ஆயிடுது.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்னு கேட்டா, சியாட்டில்ல ஆன் ஸ்ட்ரைஸ்கத் 1996ல வெளியிட்ட ஆய்வைச் சொல்லுவேன். 415 பேரைப் பார்த்தாங்க, வளர்ந்த பிள்ளைங்கள்ல பாதிக்கு மேல ஸ்கூல்லருந்து சஸ்பெண்ட் ஆகியோ நின்னு போயோ இருந்தாங்க, பாதிக்கு மேல போலீஸ், சட்டச் சிக்கல்ல மாட்டியிருந்தாங்க. அதே ஆய்வுதான் எதெல்லாம் காப்பாத்துச்சுன்னும் சொல்லுது, ஆறு வயசுக்குள்ள டயக்னோசிஸ், நிலையான வீடு, வன்முறை இல்லாத சூழல், தேவையான சேவை. இங்க ஒன்பதாங்கிளாஸ்ல சென்டம் ரிசல்ட்டுக்காக டிசி கொடுத்து அனுப்பற ஸ்கூல் இந்தப் பிள்ளையை எந்த வழியில தள்ளிவிடுதுன்னு யோசிக்கணும். ரெகுலர் போர்டு முடியலன்னா என்ஐஓஎஸ்ங்கிற தேசிய திறந்தநிலைப் பள்ளியில ஒவ்வொரு சப்ஜெக்டா எழுதலாம், சமையல், செடி வளர்ப்பு, ஆட்டுமாடு, பெயின்ட்டிங்னு கையால செய்யற வேலையில நல்லா வர்ற பிள்ளைங்க நிறைய பேர், கூடவே ஒரு ஆள் நின்னு பார்த்துக்கிட்டா.

ஜூன்ல கிளாஸ் மாறுறப்போ போன வருஷம் கத்துக்கிட்ட எல்லாம் டீச்சரோடயே போயிடக் கூடாது. ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க, எங்க உக்கார வச்சா நல்லா இருக்கான், எதைப் பார்த்தா வெடிப்பான், வெடிக்கப் போறதுக்கு முன்னாடி முகம் எப்படி மாறும், அப்போ என்ன செஞ்சா அடங்குவான், எது அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். காரணம் என்னங்கிற பகுதி அந்தப் பேப்பர்ல தேவையே இல்ல.

சில அம்மாக்கள் ஒரு நாள் தானாவே சொல்லுவாங்க, பெரும்பாலும் மீட்டிங் முடிஞ்சு எல்லாரும் போனதுக்கு அப்புறம், கதவு கிட்ட நின்னுக்கிட்டு, "மிஸ், அப்போ எனக்குத் தெரியாது மிஸ்"னு. அந்த நேரத்துல லெக்சர் வேண்டாம். "சொன்னது நல்லதும்மா, இனி இவனுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கணும்னு எங்களுக்குத் தெளிவா இருக்கும்"னு சொன்னா போதும். அவங்க சம்மதம் இல்லாம ஃபைல்ல எழுதாதீங்க, ஸ்டாஃப் ரூம்ல பேசாதீங்க, அப்பாகிட்டயோ மாமியார்கிட்டயோ கண்டிப்பா போகக் கூடாது, அந்த வீட்டுல அடி உதை இருக்கான்னு நமக்குத் தெரியாது. டாக்டர்கிட்ட மட்டும் அவங்களே சொல்லட்டும், டயக்னோசிஸுக்கு அது ரொம்ப உதவும். இன்னமும் குடிப் பழக்கத்தோட போராடறாங்கன்னு தெரிஞ்சா அரசோட மனநல ஹெல்ப்லைன் டெலி மனஸ் இருக்கு, நம்பர் 14416, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. அடுத்த குழந்தை வயித்துல இருக்குன்னா, இத்தனை மாசம் ஆயிடுச்சே இனிமே நிறுத்தி என்ன ஆகப் போகுதுன்னு அவங்க நினைச்சுக்கிட்டு இருப்பாங்க, நிறுத்தின நாள்லருந்தே குழந்தையோட மூளைக்கு லாபம்தான், ஆனா தினமும் நிறைய குடிக்கிறவங்க தானா திடீர்னு நிறுத்தினா ஆபத்து, டாக்டர் மேற்பார்வையில நிறுத்தணும்னு சேர்த்தே சொல்லிடுங்க.